களவு போவதற்கு முன்பே எழுத வேண்டிய பதிவேடு: பழைய வீடுகளின் காவலுக்கு ஐடி-ஆர்ட் செயலி எவ்வளவு உதவுகிறது?

காவல் நிலையத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, காணாமற்போன கதவின் உயரம் என்ன, அகலம் என்ன என்பதுதான். என் பராமரிப்பில் இருந்த பழைய வீடு ஒன்றில், செதுக்கு வேலைப்பாடு நிறைந்த ஒற்றைக் கதவு, வீடு பூட்டிக் கிடந்த நாள்களில் கீலோடு பெயர்த்து எடுக்கப்பட்டிருந்தது. ஆண்டுக்கணக்கில் அந்தக் கதவைத் திறந்து மூடியவன் நான். ஆயினும் அதன் உயரம் எனக்குத் தெரியவில்லை. மேற்பலகையில் செதுக்கியிருந்த கொடி இடப்புறமாகச் சுருண்டதா, வலப்புறமாகச் சுருண்டதா என்பதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தேடிக் கண்டெடுத்த ஒரே படம் ஒரு குடும்ப நிகழ்ச்சியின்போது எடுத்தது. அதில் கதவுக்கு முன்னால் பதினொரு பேர் நிற்கிறார்கள். கதவு ஓரடி அகலம்தான் தெரிகிறது. இறுதியில் புகாரில் 'பழைய மரக்கதவு, ஒன்று' என்று எழுதப்பட்டது. அந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு எந்த நாட்டு நீதிமன்றத்திலும் எந்தக் கதவையும் எங்களுடையது என்று நிறுவ முடியாது என்பதை நான் பிறகுதான் உணர்ந்தேன்.

அதன் பின்னர், வீட்டில் எஞ்சியிருந்தவற்றையாவது முறையாகப் பதிவு செய்ய வேண்டும் என்று தேடியபோது கிடைத்ததுதான் பன்னாட்டுக் காவல் அமைப்பான இன்டர்போல் வெளியிட்டுள்ள ஐடி-ஆர்ட் என்னும் கைப்பேசிச் செயலி. அதைப் பல வாரங்கள் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். இதைக் கலைப்பொருள் சேகரிப்பவர்களின் கண்கொண்டு பார்த்து எழுதிய அறிமுகங்கள் ஏற்கெனவே உண்டு. நான் கேட்ட கேள்வி வேறு: வரலாற்றுச் சிறப்புள்ள ஒரு வீட்டின் கதவும் தூணும் வண்ணக் கண்ணாடியும் களவாடப்பட்டாலோ சிதைக்கப்பட்டாலோ, சட்டத்தின் முன் நம் பக்கம் நிற்கக்கூடிய ஆதாரத்தை இந்தச் செயலி உருவாக்கித் தருகிறதா?

முதலில் செயலி பற்றிய அடிப்படைச் செய்திகள். களவுபோன கலைப்பொருள்கள் குறித்த பன்னாட்டு அறிவிப்புகளை இன்டர்போல் 1947ஆம் ஆண்டிலேயே வெளியிடத் தொடங்கிவிட்டது. பின்னர் 1995இல் அவை கணினித் தரவுத்தளமாயின. 2009இல் இணையவழியாகப் பொதுமக்களும் பார்க்க வழி செய்யப்பட்டது. அந்தத் தரவுத்தளத்தைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்ததுதான் 2021 மே மாதம் வெளியான ஐடி-ஆர்ட். கட்டணம் ஏதும் இல்லை. இதைக் கொண்டு மூன்று வேலைகளைச் செய்யலாம்: ஒரு பொருளின் படத்தைக் கொடுத்து அது களவுபோனவற்றின் பட்டியலில் இருக்கிறதா என்று தேடலாம், நம்மிடம் உள்ள பொருள்களுக்கு நாமே பதிவேடு தயாரிக்கலாம், ஆபத்தில் இருக்கும் பண்பாட்டுச் சின்னம் ஒன்றின் இருப்பிடத்தையும் நிலையையும் படங்களோடு பதிவு செய்யலாம். பெரும்பாலான அறிமுகங்கள் முதல் வசதியைத்தான் முன்னிறுத்துகின்றன. பழைய வீடு வைத்திருப்பவருக்கு இரண்டாவதே உயிர்நாடி.

பதிவேட்டுப் பகுதி 'ஆப்ஜெக்ட் ஐடி' என்னும் பன்னாட்டுத் தரத்தைப் பின்பற்றுகிறது. கெட்டி அறக்கட்டளை 1993இல் தொடங்கிய முயற்சியின் விளைவாக 1997இல் அறிமுகமான இந்தத் தரத்தை, இப்போது பன்னாட்டு அருங்காட்சியக மன்றம் பேணி வருகிறது. பொருளைப் படம் எடுத்த பிறகு ஒன்பது செய்திகளை எழுதச் சொல்வதுதான் இதன் சாரம்: பொருளின் வகை, அது செய்யப்பட்ட மூலப்பொருளும் உத்தியும், அளவுகள், அதிலுள்ள எழுத்துகளும் குறிகளும், தனித்து அடையாளம் காட்டும் கூறுகள், பெயர், சித்திரிக்கப்பட்டிருக்கும் விஷயம், காலம், செய்தவர். இவற்றோடு சுருக்கமான ஒரு வருணனையையும் எழுதிப் பாதுகாப்பான இடத்தில் வைக்க வேண்டும். படிக்கும்போது எளிய படிவம்போலத் தோன்றும். உட்கார்ந்து நிரப்பத் தொடங்கினால்தான், நாம் தினமும் பார்க்கும் பொருளை எவ்வளவு குறைவாகப் பார்த்திருக்கிறோம் என்பது தெரியவரும்.

களவுபோன கதவுக்கு இணையாக, பக்கத்து அறையில் இன்னொரு கதவு இருக்கிறது. அந்த ஒரே கதவைப் பதிவு செய்ய எனக்கு ஒரு பிற்பகல் முழுவதும் ஆயிற்று. முதலில் நேர்முகமாக ஒரு படம், பிறகு அளவுகோலை ஓரத்தில் சாய்த்து வைத்து ஒன்று, பின்புறம் ஒன்று. அதன் பிறகு அறையை இருட்டாக்கி, கைவிளக்கைக் கதவின் பரப்புக்கு இணையாகச் சாய்த்துப் பிடித்தேன். நேர்வெளிச்சத்தில் வழவழப்பாகத் தெரிந்த இடங்களில் உளியின் தடங்கள் வரிவரியாக எழுந்து நின்றன. கீழ்மூலையில் ஒரு சில்லு பெயர்ந்து, வேறு நிற மரத்துண்டால் அடைக்கப்பட்டிருந்தது. அந்த ஒட்டுத்துண்டின் நீளத்தை அளந்தேன். கதவை முழுதாகத் திறந்து கீல் பக்கத்து விளிம்பைப் பார்த்தபோது, எந்தக் கதவு எந்த நிலைக்கு உரியது என்று அடையாளம் வைப்பதற்காகத் தச்சர் கீறியிருந்த மூன்று சிறு கோடுகள் தெரிந்தன. அதே மூன்று கோடுகள் நிலையிலும் இருந்தன. இத்தனை காலமும் அவை என் கண்ணில் படவில்லை.

'தனித்து அடையாளம் காட்டும் கூறுகள்' என்ற கேள்விக்கு எழுத வேண்டியவை இத்தகைய ஒட்டும் கீறலும்தாம். அழகைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் அது ஆதாரமாகாது. ஒரே பட்டறையில் ஒரே மாதிரியாகப் பத்துக் கதவுகள் செய்திருக்கக்கூடும்; அவற்றுள் இந்தக் கதவு எது என்று பிரித்துக் காட்டுபவை பழுதுகளும் சேதங்களும் பழைய ஆணித்துளைகளும்தான். இந்தக் கேள்வியைத் தனியாகக் கேட்பதாலேயே, கண்டபடி எடுத்துச் சேர்த்த ஒரு படத் தொகுப்பைவிட இந்தப் படிவம் பல மடங்கு மதிப்புள்ளது என்பது என் கருத்து.

இருந்தாலும் ஒரு குறை இருக்கிறது. அது வீடுகளைப் பொறுத்தவரை சிறிய குறை அன்று. ஓவியம், சிலை, நாணயம் போன்ற, தாமே முழுமையான பொருள்களை மனத்தில் வைத்து உருவானது இந்தத் தரம். 'இது எங்கே பொருத்தப்பட்டிருந்தது?' என்ற கேள்வி அந்த ஒன்பதில் இல்லை. ஒரு வீட்டிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட கதவுக்கு, அது விட்டுச் சென்ற வெற்றிடம்தான் முதன்மைச் சாட்சி. நிலையில் கீல் பதிந்திருந்த குழியின் அளவு, பெயர்த்தபோது பிளந்துபோன மரத்தின் வடிவம், சுவரில் தூணின் தலைப்பகுதி செருகியிருந்த பொந்து ஆகியவை மீட்கப்பட்ட பொருளோடு பொருந்தினால், அதைவிட உறுதியான அடையாளம் வேறில்லை. எனவே ஒவ்வொரு பொருளுக்கும் அது பொருந்தியிருக்கும் இடத்தைத் தனியாகப் படம் எடுத்து, அளவுகளைச் சுருக்க வருணனையில் சேர்த்து எழுதினேன். இதைப் பயன்படுத்தவிருக்கும் மற்றவர்களும் அவ்வாறே செய்ய வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

இந்த அளவுக்கு மெனக்கெட வேண்டியதன் காரணம் சட்டத்தில் இருக்கிறது. கதவு கீலில் தொங்கும்வரை அது வீட்டின் ஒரு பகுதி. சட்டத்தின் பார்வையில் அசையாச் சொத்து. பெயர்த்த கணத்தில் அது அசையும் பொருளாகிவிடுகிறது. பழைய ஆங்கிலப் பொதுச்சட்டத்தில், நிலத்தோடும் கட்டடத்தோடும் பிணைந்த பொருளைத் திருட முடியாது என்ற விந்தையான விதி நெடுங்காலம் இருந்தது. அசையும் பொருளைத்தான் திருட முடியும் என்பது அதன் தருக்கம். அந்த ஓட்டையைப் பிற்காலச் சட்டங்கள் அடைத்தன. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 378ஆம் பிரிவின் விளக்கத்திலேயே, நிலத்தோடு பிணைந்த பொருள் பிரிக்கப்பட்ட உடனே திருட்டுக்கு உட்படத்தக்கதாகிறது என்றும், பிரிக்கும் செயலும் நகர்த்தும் செயலும் ஒன்றாகவே இருந்தாலும் திருட்டு ஆகலாம் என்றும் தெளிவுபடுத்தியது. 2023ஆம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 303ஆம் பிரிவில் அது அப்படியே தொடர்கிறது. இங்கிலாந்தில் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இதே வேலையைச் செய்கிறது. ஆக, பெயர்த்தெடுப்பது திருட்டுதான் என்பதில் இன்று ஐயமில்லை. ஆனால் பெயர்க்கப்பட்ட கதவு வீட்டைவிட்டு வெளியேறிய பிறகு, அது எந்த வீட்டுக் கதவு என்று சொல்ல அதனிடம் எந்த முகவரியும் இல்லை. அந்த முகவரியை நாம்தான் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும்.

பொருள் எல்லை கடந்துவிட்டால் நிலைமை இன்னும் கடினம். பண்பாட்டுப் பொருள்களின் சட்டவிரோத வணிகத்தைத் தடுக்க 1970இல் உருவான யுனெஸ்கோ உடன்படிக்கையில் 140க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துள்ளன. அதன் முதல் பிரிவைப் படிக்கும்போது நம்பிக்கை பிறக்கிறது: சிதைத்துப் பிரிக்கப்பட்ட வரலாற்றுச் சின்னங்களின் பகுதிகளும், 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட அறைக்கலன்களும் பாதுகாக்கத்தக்க பண்பாட்டுப் பொருள்களின் வரையறையில் அடங்குகின்றன. ஆனால் களவுப் பொருளின் இறக்குமதியைத் தடுத்து, கேட்கும் நாட்டுக்குத் திருப்பித் தரச் சொல்லும் 7ஆம் பிரிவோ, அருங்காட்சியகம், சமயஞ்சார்ந்த அல்லது சமயஞ்சாராத பொதுச் சின்னம், அவை போன்ற நிறுவனம் ஆகியவற்றிலிருந்து களவுபோனவற்றை மட்டுமே பேசுகிறது; அவற்றிலும் அந்நிறுவனத்தின் பதிவேட்டில் இடம்பெற்றிருந்தவை மட்டுமே அதில் அடங்கும். மக்கள் குடியிருக்கும் ஒரு தனியார் வீடு, எவ்வளவு பழமையானதாக இருந்தாலும், அந்த வரிக்குள் எளிதில் நுழைய முடியாது.

இந்த இடைவெளியை, நாடுகளின் தனியார் சட்டங்களை ஒருங்கிணைக்கப் பாடுபடும் பன்னாட்டு நிறுவனமான யுனிட்ராய்ட் உருவாக்கிய 1995ஆம் ஆண்டு உடன்படிக்கை பெரிதும் நிரப்பியது. பொருள் எங்கிருந்து களவுபோனது என்ற வேறுபாடு பார்க்காமல், களவுபோன பண்பாட்டுப் பொருளை வைத்திருப்பவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று அது விதிக்கிறது. பொருள் இருக்கும் இடமும் வைத்திருப்பவரும் தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள், களவு நடந்த நாளிலிருந்து 50 ஆண்டுகள் என்று உரிமை கோருவதற்கான காலவரம்பும் பொதுவாக வகுக்கப்பட்டுள்ளது. அதைவிட முக்கியமானது 4ஆம் பிரிவு. வாங்கியவர் இழப்பீடு கோர வேண்டுமானால், தாம் உரிய கவனத்தோடு வாங்கியதாக மெய்ப்பிக்க வேண்டும். அதை எடைபோடும்போது, எளிதில் அணுகக்கூடிய களவுப் பொருள் பதிவேட்டை அவர் பார்த்தாரா என்பதும் கணக்கில் கொள்ளப்படும். கட்டணமில்லாத ஒரு செயலி ஒவ்வொருவர் கைப்பேசிக்கும் கிடைக்கும் இன்றைய நிலையில், 'எனக்குத் தெரியாது' என்று சொல்லி ஒருவர் தப்பிப்பது முன்னைவிடக் கடினமாகிறது. ஐடி-ஆர்ட் செயலியின் தேடல் வசதிக்கு நான் தரும் மதிப்பு பெரும்பாலும் இதை வைத்துத்தான். வருத்தம் என்னவென்றால், மிகப் பெரிய கலைச் சந்தைகளைக் கொண்ட அமெரிக்காவும் பிரிட்டனும் இந்த உடன்படிக்கையில் சேரவில்லை.

நல்லெண்ணத்தோடு வாங்கியவரைச் சட்டம் எப்படி நடத்துகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறுவதால் விளையும் வேதனைக்கு ஒரு வழக்கு போதும். இங்கிலாந்தில் ஒருவரின் வீட்டிலிருந்து ஜப்பானியக் கலைப்பொருள்கள் களவுபோயின. அவை இத்தாலிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, களவைப் பற்றி அறியாத ஒருவருக்கு விற்கப்பட்டன. வாங்கியவர் அவற்றை ஏலம் விடுவதற்காக மறுபடி இங்கிலாந்துக்கே அனுப்பினார். உரிமையாளர் வழக்குத் தொடுத்தபோது, விற்பனை நடந்த இடத்தின் சட்டமாகிய இத்தாலியச் சட்டமே உரிமையைத் தீர்மானிக்கும் என்று ஆங்கிலேய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு உரிமையைத் தரும் சட்டம் அது. தம் பொருள் தம் நாட்டுக்கே திரும்பி வந்த பிறகும் உரிமையாளரால் அதைப் பெற முடியாமற்போனது. களவு நடந்த உடனே விரிவான விவரங்களோடு அறிவிப்பு பரவினால்தான் அந்த இடைநிலை விற்பனையைத் தடுக்க முடியும்; கைவசம் பதிவேடு இல்லாதவரால் அந்த அறிவிப்பைத் தரவே முடியாது.

இனித் தேடல் வசதிக்கு வருகிறேன். படத்தைக் கொடுத்தால் உருவ ஒற்றுமையை வைத்துத் தரவுத்தளத்தில் தேடித் தருகிறது. சொற்களைக் கொடுத்தும் தேடலாம். சோதனைக் காலத்திலேயே இத்தாலியக் காவல்துறையின் கலைப்பொருள் பிரிவு, களவுபோன இரண்டு சிலைகளை இதைக் கொண்டு அடையாளம் கண்டதாக இன்டர்போல் அறிவித்தது. எனினும் இந்தத் தரவுத்தளத்தில் இருப்பவை 50,000க்கும் மேற்பட்ட பொருள்கள் மட்டுமே. இத்தாலியின் அதே காவல் பிரிவு தனியாக வைத்திருக்கும் தேசியத் தரவுத்தளத்தில் களவுபோனவையாக 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. ஒரு நாட்டின் பட்டியலே உலகப் பட்டியலைவிட இத்தனை மடங்கு பெரிதாக இருக்கிறது என்றால், உலகப் பட்டியலில் சேராதவை எவ்வளவு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த இடைவெளிக்குக் காரணம் சேர்க்கும் முறை. ஐயத்துக்கு இடமின்றி அடையாளம் காணத்தக்க பொருள்கள் மட்டுமே சேர்க்கப்படுகின்றன. சேர்ப்பதற்கான அதிகாரம், உறுப்பு நாடுகளில் இன்டர்போலுடன் தொடர்பு வைத்திருக்கும் காவல் பிரிவுகளான தேசிய மையச் செயலகங்களுக்கும், ஒப்பந்தம் செய்துகொண்ட சில பன்னாட்டு அமைப்புகளுக்கும் மட்டுமே உண்டு. தனிமனிதர் தம் பொருள் களவுபோயிற்று என்று நேரடியாக அதில் எழுத முடியாது. பொய்ப் புகார்களைத் தவிர்க்க இந்தக் கட்டுப்பாடு தேவைதான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் செயலியில் நாம் தயாரித்த பதிவேடு தானாகவே உலகத் தரவுத்தளத்துக்குப் போய்விடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. களவு நடந்தால், அந்த விவரங்களை உள்ளூர்க் காவல்துறையிடம் கொடுத்து, வழக்குப் பதிவு செய்யவைத்து, அங்கிருந்து தேசிய மையச் செயலகத்துக்கு அனுப்புமாறு எழுத்து மூலம் கேட்க வேண்டும். அந்த வழியில் எந்தப் படியில் வேண்டுமானாலும் கோப்பு நின்றுபோகலாம். முழுமையான ஆப்ஜெக்ட் ஐடி விவரம் கையில் இருந்தால், நின்றுபோவதற்கான காரணங்களில் ஒன்றையாவது நாம் அகற்றிவிடுகிறோம்.

வாங்குபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய தூணையோ கணப்பின் பளிங்குச் சட்டத்தையோ வாங்கும் முன் இதில் தேடிப் பார்ப்பது கடமை; தேடியதற்கான சான்றை வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் 'கிடைக்கவில்லை' என்ற விடை அந்தப் பொருளுக்கு வழங்கப்பட்ட நற்சான்று ஆகாது. எந்த வீட்டிலிருந்து வந்தது, யார் விற்றார், எப்போது பெயர்க்கப்பட்டது என்பதற்கு எழுத்து ஆதாரம் கேட்டு, அது இல்லையென்றால் விலகிவிடுவதே நேர்மையான வழி.

மூன்றாவது வசதியான இடப்பதிவு, அகழ்வாய்வு இடங்களையும் போரில் சிக்கிய சின்னங்களையும் எண்ணி வடிவமைக்கப்பட்டது என்று தோன்றினாலும், வெறுமையாகக் கிடக்கும் பழைய வீட்டுக்கு மிகவும் பொருந்துகிறது. ஒரு வீட்டை நாசம் செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே நாளில் செய்வதில்லை. முதலில் ஒரு சன்னல் கண்ணாடி உடைகிறது. அதைச் சரிசெய்யாமல் விட்டால், யாரும் கவனிக்கவில்லை என்ற செய்தி பரவுகிறது. அடுத்துச் சுவரில் கிறுக்கல். அதன் பிறகு உள்ளே நுழைதல். கடைசியில் கதவும் கைப்பிடியும் போகின்றன. ஒவ்வொரு கட்டத்தையும் தேதியோடும் இருப்பிடத்தோடும் படமாகப் பதிவு செய்தால், சேதம் எப்போது எந்த அளவில் நிகழ்ந்தது என்பதைப் பின்னர் நிறுவ முடியும். நான் மாதம் ஒருமுறை அதே எட்டு இடங்களிலிருந்து, அதே உயரத்தில் படம் எடுத்து வருகிறேன். கிறுக்கலைக் கண்டதும் மணல் வீசித் தேய்த்துச் சுத்தம் செய்வது, கிறுக்கியவர் செய்ததைவிடப் பெரிய சேதத்தைக் கல்லுக்குச் செய்துவிடக்கூடும் என்பதால், தொடுவதற்கு முன் படம் எடுப்பதும் பழம்பொருள் பாதுகாப்பு அறிந்தவரைக் கேட்பதும் அவசியம்.

சேதத்துக்கான தண்டனை, வீடு எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. பிரான்சில் பாதுகாக்கப்பட்ட சின்னமாகப் பதிவான கட்டடத்தை வேண்டுமென்றே சிதைத்தால் 7 ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம். இத்தாலி 2022 மார்ச்சில் தன் தண்டனைச் சட்டத்தில் பண்பாட்டுச் சொத்துகளுக்கு எதிரான குற்றங்களுக்கென்றே தனித் தலைப்பை உருவாக்கி, அவற்றின் திருட்டுக்கு 2 முதல் 6 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை வைத்தது. அமெரிக்காவில் நிலைமை பலரும் நினைப்பதற்கு நேர்மாறானது. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த, வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களின் தேசியப் பதிவேட்டில் வீடு இடம்பெற்றாலும், தம் சொந்தப் பணத்தில் அதை மாற்றவோ இடிக்கவோ தனியார் உரிமையாளருக்கு அந்தப் பதிவேடு தடையாக நிற்பதில்லை. தடை இருந்தால் அது நகர அல்லது மாநிலச் சட்டத்திலிருந்துதான் வர வேண்டும். ஆகவே உங்கள் வீடு பட்டியலில் இருக்கிறது என்று யாராவது சொன்னால், எந்தப் பட்டியல், அது யாரைக் கட்டுப்படுத்துகிறது என்று கேட்டறிந்து, அதன் விவரத்தையும் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இங்கிலாந்தின் 1990ஆம் ஆண்டுச் சட்டம், பட்டியலிட்ட கட்டடத்தோடு பொருத்தப்பட்ட பொருளையும் கட்டடத்தின் பகுதியாகவே கருதுகிறது. அனுமதியின்றி அதை அகற்றுவது, உரிமையாளரே செய்தாலும், 2 ஆண்டுகள் வரை சிறைக்குரிய குற்றம். கேட்பதற்குத் தெளிவாக இருக்கிறது. ஆனால் இட்லிகோட் இல்லம் என்ற மாளிகையின் தோட்டத்தில் சுண்ணாம்புக்கல் பீடங்களின்மேல் நின்ற இரண்டு ஈயக் கலசங்கள் இந்தத் தெளிவைக் குலைத்துவிட்டன. அவை 1986இல் தனியாகப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தன. 2009இல் உரிமையாளர் அவற்றை ஏலத்தில் விற்றார். 2016இல் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து வைக்குமாறு உள்ளாட்சி ஆணையிட்டது. பட்டியலில் இருப்பதாலேயே ஒரு பொருள் 'கட்டடம்' ஆகிவிடுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம்வரை சென்றது. அதைத் தனியே ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும் என்று 2020இல் தீர்ப்பு வந்து, வழக்கு மறுவிசாரணைக்கு அனுப்பப்பட்டது. ஒரு பொருள் எவ்வளவு உறுதியாக, எந்த நோக்கத்துக்காகப் பொருத்தப்பட்டிருந்தது என்பதே இத்தகைய வழக்குகளின் அச்சு. பொருத்தியிருந்த விதத்தையும் படம் எடுங்கள் என்று மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தச் செயலியால் எந்தப் பயனும் இல்லாத களவு ஒன்றும் உண்டு. கூரையின் ஈயத்தகடு, செப்புக் குழாய், மழைநீர்த் தூம்பு, தரை ஓடு, செங்கல் ஆகியவை தனிப் பொருளாக விற்கப்படுவதில்லை, எடையாகவோ மொத்தமாகவோ விற்கப்படுகின்றன. உருக்கிய ஈயத்துக்கு அடையாளம் ஏது? கூரைத் தகட்டை இழந்த வீட்டுக்குள் மழை புகுந்து, களவின் மதிப்பைப்போல் பல மடங்கு சேதத்தை மரத்திலும் சுதையிலும் உண்டாக்கிவிடும். இங்கே பயன்படுவது வேறு வகைச் சட்டம்: இங்கிலாந்தின் 2013ஆம் ஆண்டுப் பழைய உலோக வணிகர் சட்டம், உரிமமின்றி வணிகம் செய்வதைத் தடுத்து, பழைய உலோகத்துக்கு ரொக்கமாகப் பணம் கொடுப்பதையே தடை செய்தது. விற்றவர் யார் என்பதற்குத் தடம் இருந்தாக வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஓடுகளுக்கும் தகடுகளுக்கும், அவை எங்கிருந்து வந்தவை என்று பின்னர் கண்டறிய உதவும் தடயக் குறியீட்டுத் திரவம் பூசிவைத்து, பூசியிருக்கிறோம் என்று வாசலில் எழுதி வைப்பதும் பயன் தரும்.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். செயலி இயங்கும் மொழிகளில் தமிழ் இல்லை. பொத்தான்களுக்குப் பழகிவிடலாம், ஆனால் மரவேலையின் கூறுகளை வேற்றுமொழியில் சரியாக வருணிப்பது எளிதன்று. நான் முதலில் ஒவ்வொரு பொருளையும் தமிழில் தாளில் எழுதி, அதன் பிறகு செயலியில் நிரப்பினேன். தமிழ்ப் படியைத் தனியாக வைத்திருப்பதால், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மற்றவர்களும் அதைப் படித்துச் சரிபார்க்க முடிகிறது.

பழைய வீட்டின் பொறுப்பில் இருக்கும் எவருக்கும், பதிவேட்டு வசதிக்காக மட்டுமே இந்தச் செயலியை உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். தேடல் வசதி பயனுள்ளது, ஆனால் எல்லைக்குட்பட்டது. இடப்பதிவு வசதியைத் தொடர்ந்து பயன்படுத்தும் ஒழுங்கு உள்ளவர்களுக்கே அதன் பலன் கிடைக்கும். பதிவேட்டைக் கைப்பேசியில் மட்டும் வைத்திருக்க வேண்டாம். ஒரு படி வீட்டுக்கு வெளியே, நம்பிக்கையான இன்னொருவரிடம் இருக்கட்டும். மதிப்பு மிக்க பொருள் எந்த அறையில் இருக்கிறது என்ற விவரம் தவறானவர் கையில் சிக்கினால், அதுவே திருடனுக்கு வழிகாட்டியாகிவிடும் என்பதால், படத்தை இணையத்தில் போடுவதற்கு முன் நூறு முறை யோசிக்க வேண்டும். ஒவ்வொரு பழுதுபார்ப்புக்குப் பின்னரும் அந்தப் பொருளை மறுபடி படம் எடுத்துத் தேதியிட வேண்டும்.

இதுவரை நான் நாற்பத்திரண்டு பொருள்களைப் பதிவு செய்திருக்கிறேன். நாற்பத்து மூன்றாவதாக, காணாமற்போன கதவின் வெற்று நிலையை அளந்து எழுதினேன்: கீல் குழிகளின் நீளம், மேல்மூலையில் பிளந்த மரத்தின் வடிவம், அதன் பக்கவாட்டில் தச்சர் கீறிய இரண்டு கோடுகள். அதைக் கூடுதல் விவரமாகக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். 'பழைய மரக்கதவு, ஒன்று' என்ற வரிக்குக் கீழே அது இப்போது கோப்பில் சேர்ந்திருக்கிறது.